மலபார்ச் சடங்குகள் சர்ச்சை

மலபார்ச் சடங்குகள் சர்ச்சை என்பது, தமிழகத்துக்கு வந்த ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருக்கள் உள்ளூர் மக்களின் உடை, உணவு, திருமணம், சாதி ஆகியவை சார்ந்த வழக்கங்களை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பது குறித்து 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் நடைபெற்ற நீண்ட விவாதம் ஆகும். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குருவான ராபர்ட் டி நொபிலி (1577 - 1656) மேற்கொண்ட வாழ்க்கை முறையிலிருந்து இது தோன்றியது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையுடன் இது சட்ட அளவில் முடிவுற்றது. எனினும் அவ்வாணையைக் கடைப்பிடிப்பதாகக் குருக்கள் செய்ய வேண்டியிருந்த உறுதிமொழி 1940 வரை நீக்கப்படவில்லை.

இது திருச்சபையின் உள்விவகாரமாகத் தொடங்கியபோதும், இரு வேறு பண்பாட்டினர் சந்திக்கும் இடங்களிலெல்லாம் எழும் கேள்விகள் இதில் அடங்கியுள்ளன. ஒரு சமூகத்தின் பழக்கங்களுள் எது வழக்கம், எது நம்பிக்கை என்பதை வெளியிலிருந்து வருபவர் எவ்வாறு பிரித்தறிவது, அதை அச்சமூகத்தில் யாரிடம் கேட்பது என்பன அவற்றுள் முதன்மையானவை. இரண்டாவது கேள்வி சர்ச்சை நடந்த காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

பெயர்

சர்ச்சைக்குரிய நிகழ்வுகள் கேரளத்தின் மலபார்ப் பகுதியில் நடந்தவை அல்ல. அக்கால ஐரோப்பியர் மேற்குக் கரையின் மக்களையும் மொழியையும் மட்டுமன்றித் தமிழரையும் தமிழையும் 'மலபார்' என்ற பெயராலேயே குறித்தனர். இலங்கைத் தமிழரும் பழைய ஆவணங்களில் இப்பெயரால் குறிக்கப்பட்டுள்ளனர். மதுரை மறைபரப்புத் தளம் இயேசு சபையின் மலபார் மாகாணத்தைச் சார்ந்திருந்ததும் இப்பெயர் நிலைக்க உதவியது. விவாதத்துக்குள்ளான சடங்குகள் மதுரை, மைசூர், கர்நாடகம் ஆகிய மறைபரப்புப் பகுதிகளில் வழங்கியவை.

பின்னணி

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவத்தைத் தழுவினர். 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சேவியர் அவர்களிடையே பணியாற்றினார். கடற்கரையில் பரவிய இச்சமயம் உள்நாட்டில் வேரூன்றவில்லை. 1590களின் நடுப்பகுதி முதல் மதுரையில் தங்கியிருந்த போர்த்துக்கேயக் குருவான கொன்சாலோ பெர்னாண்டசு ஒரு கோவிலும் பள்ளியும் மருத்துவ உதவி நிலையமும் நடத்தினார். முன்பு போர்வீரராக இருந்த அவர் ஊரில் மதிக்கப்பட்டவரே. ஆயினும் கடற்கரையிலிருந்து வணிகத்துக்காக வந்து தங்கிய பரவர்களைத் தவிர, மதுரை மக்கள் அவருடைய சமயத்தில் சேரவில்லை.

இதற்கான காரணம் 'பரங்கி' என்னும் ஒரு சொல்லில் இருந்தது. 'பிராங்கு' என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாகத் திரிந்து தமிழில் பரங்கி ஆயிற்று. தமிழரைப் பொறுத்தவரை பரங்கி என்பவர் மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நாள்தோறும் நீராடாதவர், தோல் செருப்புடன் நடமாடுபவர். போர்த்துக்கேயரோ இச்சொல்லைத் தம் இனத்தின் பெயராக மட்டுமே கருதி, அதில் இழிவு எதையும் காணவில்லை. கிறித்தவராக விரும்புகிறாயா என்ற கேள்வியே தமிழில் பரங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்று கேட்கப்பட்டு வந்ததை நொபிலி பின்னர் சுட்டிக்காட்டினார். கேட்டவர் சமயத்தைப் பற்றிக் கேட்டார். கேட்கப்பட்டவருக்கோ தம் உறவினரையும் குலத்தையும் விட்டு வருமாறு அழைப்பதாகவே அது பொருள்பட்டது.

சமயச் சொற்களிலும் இதே இடைவெளி இருந்தது. கடற்கரைக் கிறித்தவர்களுக்கான செபங்களில் முக்கியமான கருத்துகள் பல போர்த்துக்கேயச் சொற்களாகவே தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தன.

நொபிலியின் முறை

1605இல் கோவாவை அடைந்த நொபிலி, 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். ஓராண்டுக்குள் பெர்னாண்டசின் இல்லத்தை விட்டு நீங்கித் தனியே குடியமர்ந்தார். காவி உடுத்து, பாதக்குறடு அணிந்து, தண்டும் கமண்டலமும் ஏந்தித் துறவியாக வாழ்ந்தார். நாளுக்கு ஒருவேளை சோறு, காய்கறி, பால் ஆகியவற்றை மட்டும் உண்டார். உணவைப் பிராமணரே சமைத்தனர். நெற்றியில் சந்தனம் இட்டு, சிலுவை கோத்த பூணூல் அணிந்தார். உரோமாபுரி உயர்குடியில் பிறந்தவர் என்பதால் தம்மை அரச குலத்தவர் என்று கூறிக்கொண்டார். தாம் பரங்கி அல்லர் என்றும் அறிவித்தார்.

அவர் தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதருமர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் சமற்கிருதம் பயின்றார். சமற்கிருதத்தை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார். கோவில், பூசை, குரு, வேதம், அருள், பிரசாதம் முதலிய சொற்களைக் கிறித்தவப் பொருளில் ஆண்டு தமிழ் உரைநடை நூல்களை இயற்றினார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் என்பன அவருடைய நூல்களுள் குறிப்பிடத்தக்கவை. திருப்பலியைக் கத்தோலிக்கரில் முதியோர் பலர் இன்றும் 'பூசை' என்றே சொல்வர்.

நொபிலியின் அடிப்படை வாதம் எளிமையானது. மனித வழக்கங்கள் இரு வகைப்படும்: ஒன்று சமூகம் சார்ந்தது, மற்றொன்று சமயம் சார்ந்தது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. அவை ஒருவரின் குலத்தையும் தகுதியையும் காட்டும் அடையாளங்கள். ஆதலால் கிறித்தவராகும் ஒருவர் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. ஆதித் திருச்சபையும் உரோமையரின் வழக்கங்கள் பலவற்றை இவ்வாறே ஏற்றுக்கொண்டது என்றார். 1613இல் இலத்தீனில் எழுதிய விரிவான நூலில் தருமசாத்திரங்களை மேற்கோள் காட்டி இதை நிறுவ முயன்றார்.

எதிர்ப்பும் 1623ஆம் ஆண்டு ஆணையும்

முதல் எதிர்ப்பு அருகிலிருந்தே வந்தது. 1610இல் பெர்னாண்டசு தம் மேலிடத்துக்கு முறையீடு அனுப்பினார். நொபிலி பிற சமயத்தாரின் அடையாளங்களை அணிகிறார், போர்த்துக்கேயருடனும் பரவருடனும் கலவாமல் தனிக் கோவில் நடத்துகிறார், இதனால் ஒரே சமயத்தார் இரு சமயத்தார் போல் ஆகிவிட்டனர் என்பன அவருடைய குற்றச்சாட்டுகள்.

பெர்னாண்டசைக் குறுகிய மனம் கொண்டவராகச் சித்தரிப்பது நொபிலியைப் போற்றி எழுதும் நூல்களில் வழக்கமாக உள்ளது. அது முழுவதும் சரியன்று. அவரும் பிராமணர் உதவியுடன் நூல்களை ஆராய்ந்து, பிராமணர்களின் சடங்குகளைப் பற்றி 1616இல் போர்த்துக்கேய மொழியில் ஒரு பெரும் தொகுப்பை எழுதினார். பிறப்பு முதல் இறப்பு வரை எல்லா வழக்கங்களிலும் மந்திரமும் வழிபாடும் கலந்திருப்பதால், பூணூலை மட்டும் சமூக அடையாளம் என்று பிரித்தெடுக்க முடியாது என்பது அவருடைய முடிவு. பழக்கவழக்கங்களைச் சமயம், சமூகம் என இரு பெட்டிகளில் பிரிக்கும் முறை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பதை நோக்கும்போது, இக்கேள்வியில் பெர்னாண்டசின் பக்கமும் வலுவுள்ளதாகவே தோன்றுகிறது. மேலும், தனிக் கோவில் பற்றிய அவருடைய முறையீடு பின்னாளில் எழுந்த பெரும் சிக்கலை முன்கூட்டியே தொட்டது.

1619இல் கோவாவில் கூடிய ஆலோசனைச் சபையில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராகக் கருத்துரைத்தனர். கோவாப் பேராயர் எதிர்த்தார். கொடுங்கல்லூர்ப் பேராயரான பிரான்சிசு ரோசு ஆதரித்தார். விவகாரம் உரோமாபுரிக்குச் சென்றது. 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகிய நான்கையும் கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது. அதே ஆணை, உயர்குலத்துக் கிறித்தவர்கள் தாழ்ந்த நிலையினரை, குறிப்பாகக் கோவிலில், இகழக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டது. முதல் பகுதி நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பகுதி வேண்டுகோளாகவே நின்றது.

பண்டாரசாமிகள்

பிராமண சன்னியாசியாக வாழ்ந்த ஒரு குரு, பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினரின் வீடுகளுக்குச் செல்ல முடியவில்லை. சென்றால் மற்றவர்கள் அவரை விட்டு விலகினர். இதற்குத் தீர்வாக 1640 முதல் 'பண்டாரசாமி' என்ற இன்னொரு வகைக் குருக்கள் நியமிக்கப்பட்டனர். இவர்கள் சைவப் பண்டாரங்களைப் போன்ற தோற்றத்தில் வாழ்ந்து, பிராமணரல்லாத பல சாதியினரிடையேயும் பணியாற்றினர். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் எனப்படும் சான் டி பிரிட்டோ இவ்வகையினரே. மதுரை மறைபரப்புத் தளத்தில் மிகுதியானோர் கிறித்தவராகியது பண்டாரசாமிகளின் பணியினாலேயே.

ஆனால் வேற்றுமை இதனால் நீங்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் கோவில்களோ, ஒரே கோவிலில் தனி இடங்களோ ஒதுக்கப்பட்டன. நோயுற்ற பறையர் ஒருவருக்கு இறுதிச் சடங்குகள் தேவைப்பட்டால், குரு அவருடைய குடிசைக்குள் செல்லாமல், நோயாளியையே வெளியே வேறோரிடத்துக்குத் தூக்கி வரச் செய்யும் வழக்கமும் இருந்தது.

துர்னோன் ஆணை (1704)

சர்ச்சையின் இரண்டாம் கட்டம் புதுச்சேரியில் தொடங்கியது. 1699இல் அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்களின் பங்கு கப்புச்சின் சபையாரிடமிருந்து இயேசு சபையாருக்கு மாற்றப்பட்டது. அதனால் மனம் வருந்திய கப்புச்சின் சபையார், இயேசு சபையாரின் வழக்கங்களைப் பற்றி உரோமாபுரியில் முறையிட்டனர். சீனாவுக்குச் செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய திருத்தந்தையின் தூதர் சார்லசு துர்னோன் இதை விசாரித்தார். அவர் ஏறத்தாழ எட்டு மாதங்கள் அங்குத் தங்கினார். உடல்நலக் குறைவால் உள்நாட்டுக்குச் செல்லவில்லை. குருக்கள் சிலரிடமும் கிறித்தவர் சிலரிடமும் கேட்டறிந்தார். 1704 சூன் 23ஆம் நாளிட்ட 16 விதிகள் கொண்ட ஆணையை, தாம் புறப்படுவதற்கு மூன்று நாள்களுக்கு முன் வெளியிட்டார்.

இவ்விதிகளுள் உமிழ்நீர் பற்றியது தனியே நோக்கத்தக்கது. அக்காலத் திருமுழுக்குச் சடங்கில் குரு தம் விரலில் உமிழ்நீரைத் தொட்டு, திருமுழுக்குப் பெறுபவரின் காதுகளிலும் மூக்கிலும் தடவ வேண்டும். காது கேளாத ஒருவரை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணப்படுத்தியதை நினைவூட்டும் தொன்மையான சடங்கு அது. தமிழருக்கோ அது எச்சில். எச்சில் என்ற சொல் உமிழ்நீரையும், வாய் பட்ட உணவையும், உண்ட இலையையும், அவற்றால் உண்டாகும் தீட்டையும் ஒருசேரக் குறிக்கும். இதற்கு நிகரான சொல்லோ கருத்தோ துர்னோனின் மொழிகளில் இல்லை. ஒருவர்மேல் எச்சிலைத் தடவுவது அவரை இழிவுபடுத்தும் செயல். எனவே குருக்கள் அச்சடங்கைத் தவிர்த்து வந்தனர். தொன்மையான சடங்கை விலக்கக் கூடாது என்று துர்னோன் விதித்தார். உமிழ்நீருக்கு மருந்தின் ஆற்றல் உண்டு என்ற எண்ணம் பழைய மத்தியதரைக் கடல் நாடுகளில் பரவலாக இருந்தது. அவ்வாறாயின், இங்கு மோதியவை ஒரு நாட்டின் வழக்கமும் இன்னொரு நாட்டின் வழக்கமுமே. 1969இல் திருத்தி வெளியிடப்பட்ட குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீர் இடம்பெறவில்லை.

தாலியில் பிள்ளையார் உருவம் பொறிப்பதும், 108 இழைகள் கொண்ட மஞ்சள் கயிற்றில் அதைக் கோப்பதும் தடுக்கப்பட்டன. தாலி தடுக்கப்படவில்லை, அதில் சிலுவையோ வேறு கிறித்தவச் சின்னமோ இருக்க வேண்டும் எனப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கரிடையே சிலுவைத் தாலி வழங்கி வருவதை நோக்க, சர்ச்சை முழுவதிலும் மக்கள் எளிதாக ஏற்றுக்கொண்ட தீர்வு இதுவே எனலாம். திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பதும் விலக்கப்பட்டது. பூப்பு விழாவும் அவ்வாறே. கிறித்தவ இசைக்கலைஞர்கள் இந்துக் கோவில் விழாக்களில் இசைக்கக் கூடாது என்ற விதி, வாத்தியம் வாசித்துப் பிழைத்த ஏழைகளின் தொழிலைப் பாதித்தது. அவர்களுக்கு மாற்று வழி எதுவும் ஆணையில் கூறப்படவில்லை.

இவ்வாணை முழுவதும் அறியாமையால் பிறந்ததன்று. மாதவிலக்குக் காலத்தில் பெண்களைக் கோவிலிலிருந்தும் திருவருட்சாதனங்களிலிருந்தும் விலக்கி வைக்கும் வழக்கத்தை அது தடை செய்தது. நோயுற்ற பறையரின் வீட்டுக்குக் குரு நேரில் சென்று பணி செய்ய வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்ச் சமூகத்தை எட்டு மாதங்கள் மட்டுமே, அதுவும் ஓர் ஊரிலிருந்தே கண்ட ஒருவர், நூறாண்டுகளாக அதனுள் வாழ்ந்தவர்கள் பழகிப்போய் ஏற்றுக்கொண்ட ஓர் அநீதியை அடையாளம் கண்டார்.

1744ஆம் ஆண்டு ஆணை

இயேசு சபையார் இவ்விதிகளை எதிர்த்துத் தொடர்ந்து முறையிட்டனர். விதிகளை அப்படியே செயற்படுத்தினால் உயர்சாதியினர் அனைவரும் சமயத்தை விட்டு விலகுவர் என்றனர். அடுத்த நாற்பது ஆண்டுகள் விளக்கங்களிலும் தளர்வுகளிலும் கழிந்தன. 1734இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் சில திருத்தங்களுடன் ஆணையை உறுதிப்படுத்தினார். 1739இல் குருக்கள் அனைவரும் உறுதிமொழி அளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 1744 செப்டம்பர் 12இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பறையரின் வீடுகளுக்குச் செல்வது பற்றிய சிக்கலுக்கு, அவர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமிக்கலாம் என்று இயேசு சபையார் முன்வைத்த யோசனையைத் திருத்தந்தை ஏற்றார். குருவிடம் ஒடுக்கப்பட்டோருக்கு இருந்த உரிமை இவ்வாறு காக்கப்பட்டது. சாதியினரிடையே இருந்த பிரிவும் அதே ஏற்பாட்டால் காக்கப்பட்டது.

இதே காலத்தில் சீனாவிலும் இணையான ஒரு சர்ச்சை நடைபெற்றது. அங்கு முன்னோர் வழிபாடும் கன்பூசியசுக்குச் செய்யும் மரியாதையும் சமயமா, சமூக வழக்கமா என்பது கேள்வி. 1742இல் அவை தடை செய்யப்பட்டன; 1939இல் அத்தடை பெரும்பாலும் நீக்கப்பட்டது. மறு ஆண்டு மலபார்ச் சடங்குகள் பற்றிய உறுதிமொழியும் கைவிடப்பட்டது.

புதுச்சேரிக் கோவில் சுவர்

சர்ச்சையின் ஆவணங்கள் பெரும்பாலும் இலத்தீன், போர்த்துக்கேயம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் குருக்கள் எழுதியவை. எவருடைய பண்பாடு பற்றி விவாதிக்கப்பட்டதோ, அவர்களின் குரல், குறிப்பாக ஒடுக்கப்பட்டோரின் குரல், அவற்றில் அரிதாகவே கேட்கிறது. ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு இதற்கு ஒரு விதிவிலக்கு. ஆணை வெளியான மறு ஆண்டில், அதாவது 1745 அக்டோபரில், புதுச்சேரியில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை அவர் பதிவு செய்துள்ளார்.

அங்குக் கோவிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர்களும் மறு பக்கம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும் இருந்து வழிபட்டனர். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு இதைக் கண்டு கண்டித்தார். பின்னர் பறையர்கள் ஒன்றுகூடித் தலைமைக் குருவிடம் சென்று, தாங்களும் அவருடைய சீடர்கள்தாம் என்றால் எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்று முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் இதை எதிர்த்துக் குருவிடம் வாதிட்டனர். பிள்ளை கிறித்தவர் அல்லர். இம்மாற்றத்தில் அவருக்கு ஈடுபாடும் இல்லை. அதனாலேயே, முறையிட்டவர்களின் நியாயத்தை அவர் குறித்து வைத்திருப்பது மதிப்புள்ள சான்றாகிறது.

தமிழரின் வழக்கத்தை மதிக்கிறோம் என்று குருக்கள் நூற்றாண்டுக் காலம் சொல்லி வந்தபோது, தமிழர் என்று அவர்கள் கருதியது யாரை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. நொபிலி கேட்டறிந்தது பெரும்பாலும் பிராமணரிடம். அவரை மறுத்த பெர்னாண்டசும் பிராமணரிடமே கேட்டார். சுவரின் மறு பக்கத்தில் இருந்தவர்களும் தமிழரே. ஆனால் அவர்களுக்கு அச்சுவர் காக்கப்பட வேண்டிய ஒரு பண்பாடாகத் தோன்றவில்லை.

பிற்காலம்

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதால் மதுரை மறைபரப்புத் தளம் நலிவுற்றது. 19ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் மீண்டும் வந்தபோது சாதிப் பிரிவுகளும் தொடர்ந்தன. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோவில், ஒரே பீடத்தை நோக்கிய இரு கிளைகளைக் கொண்டது. இடையில் சுவர் எழுப்பப்பட்டு, ஒரு கிளையில் வெள்ளாளரும் மற்றதில் நாடார்களும் அமர்ந்தனர். 1910இல் அச்சுவர் அகற்றப்பட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962 - 1965) பின்னர் வழிபாடு தமிழில் நடைபெறத் தொடங்கியது. உள்ளூர்ப் பண்பாட்டைத் தழுவும் முயற்சி பண்பாட்டுமயமாதல் என்ற பெயரில் ஊக்குவிக்கப்பட்டது. நொபிலி அதன் முன்னோடியாகப் போற்றப்படலானார். தமிழ் உரைநடை வளர்ச்சியில் அவருடைய இடமும் ஏற்கப்பட்டுள்ளது. அவர் ஆண்ட வடசொற்களில் பல, தனித்தமிழ்ச் சொற்களுக்கு வழிவிட்டன. சருவேசுரன் கடவுளாகவும், பூசை திருப்பலியாகவும் வழிபாட்டு நூல்களில் மாறின.

தலித் இறையியலாளர்கள் இம்மதிப்பீட்டை ஏற்பதில்லை. நொபிலி ஏற்றது ஆதிக்கச் சாதியினரின் பண்பாட்டை மட்டுமே என்றும், அவருடைய முறை சாதியைத் திருச்சபைக்குள் நிலைபெறச் செய்தது என்றும் அவர்கள் கூறுகின்றனர். நொபிலியின் ஆதரவாளர்கள், சாதி அவருக்கு முன்பே கடற்கரைக் கிறித்தவத்தில் இருந்தது என்றும், அக்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை என்றும் பதிலளிக்கின்றனர். சில ஊர்களில் சாதிவாரியான கல்லறைத் தோட்டங்கள் குறித்தும், திருவிழாவில் தேர் எத்தெருக்களில் செல்வது என்பது குறித்தும் எழும் பிணக்குகளால் இவ்விவாதம் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது.